குற்றக் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

காலையில் பேப்பர் வந்ததும் முதல் பக்கத்தை அவர் எடுத்துக்கொள்வார். உள்ளூர்ச் செய்தி போடும் பக்கம் எனக்கு. அதில்தான் காய்கறி விலை இருக்கும், கரண்ட் நிறுத்தும் ஏரியா இருக்கும், திருட்டு கொள்ளைச் சமாசாரமும் இருக்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, குற்றங்கள் இத்தனை சதவீதம் குறைந்துவிட்டன என்றோ கூடிவிட்டன என்றோ ஒரு கட்டம் கட்டிய செய்தி வரும். குறைந்தது என்றிருந்தால் அவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பாத்தியா, நீதான் சும்மா பயந்துக்கிட்டுக் கிடக்க" என்பார். கூடியது என்றிருந்தால் என் மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார்.

எனக்கோ அந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஒரு சந்தேகம் வரும். வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று டின்னைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஊரில் குற்றம் எவ்வளவு இருக்கிறது என்று எதைத் திறந்து பார்த்துச் சொல்கிறார்கள்?

எங்கள் மாடியில் குடியிருப்பவர் போலீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவில் எல்லோரும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "என்னம்மா, ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போட்டாத்தான் கேஸு. கேஸத்தான் எண்ணுவாக. போடாதத எப்படி எண்ணுறது?" என்றார். அவருக்கு அது மிகச் சாதாரண விஷயம். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் பேப்பரில் வருவது ஊரில் நடந்த குற்றத்தின் கணக்கா, ஸ்டேஷனில் எழுதிய குற்றத்தின் கணக்கா?

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அதற்குப் பிறகு நேரிலேயே பார்த்தேன். ஒரு மார்கழி மாதம், எதிர்வீட்டு அக்கா வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இரண்டு பேர் கழுத்திலிருந்த மூன்று பவுன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் ரத்தக் கோடு. நானும் துணைக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். எழுதிக்கொடுத்த மனுவைப் படித்துப் பார்த்தவர், "பறிச்சுட்டாங்கன்னு எழுதாதீங்கம்மா. காணோம்னு எழுதுங்க. விசாரிக்க லேசா இருக்கும்" என்று இதமாகத்தான் சொன்னார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள்.

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தையில் என்ன நடக்கிறது பாருங்கள். பறித்தார்கள் என்றால் அது குற்றம். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், அந்த மாதக் கணக்கில் ஒன்று ஏறும், மேலதிகாரி கேள்வி கேட்பார். காணோம் என்றால் குற்றமே நடக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தன் சங்கிலியை எங்கேயோ தவறவிட்டாள், அவ்வளவுதான். மூன்று பவுன் போனது போனதுதான், கழுத்துக் காயமும் காயம்தான். ஆனால் அரசாங்கக் கணக்கில் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை.

அக்கா மாற்றி எழுதச் சம்மதிக்கவில்லை. கடைசியில் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி அது. பலர் அதையே கேஸ் போட்டாயிற்று என்று நினைத்துப் பத்திரமாக பீரோவில் வைத்துவிடுகிறோம். சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. குற்றக் கணக்கில் ஏறுவது இரண்டாவதுதான். எட்டு நாள் நடந்த பிறகுதான் அக்காவுக்கு அது கிடைத்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நாம் இவ்வளவு பயப்படுகிற சங்கிலிப் பறிப்புக்கு, 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனியாக ஒரு பெயரே கிடையாதாம். திருட்டு என்று போடுவார்கள், இல்லாவிட்டால் கொள்ளை என்று போடுவார்கள். 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான், 304-ஆவது பிரிவாக, பறிப்பு என்று தனிக் குற்றம் வந்தது. இத்தனை வருஷமாக இந்தத் தேசத்தில் எத்தனை பெண்களின் கழுத்துச் சங்கிலி பறிபோனது என்று யாராவது கேட்டால், திருட்டுக் கணக்கிலும் கொள்ளைக் கணக்கிலும் தேடிப் பொறுக்கத்தான் வேண்டும்.

அந்தச் சங்கிலி விஷயத்தில் என் மனதை உறுத்தியது இதெல்லாம்கூட இல்லை. விசாரணைக்கு வந்தவர்கள் முதலில் கேட்ட கேள்விதான். "இந்தத் தெருவுக்கு வெளியாள் யார் யார் வர்றது? எந்த ஊர்க்காரங்க?" பால் ஊற்றுகிற பையன் பேரைச் சொன்னார்கள். செக்கானூரணிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு வருகிற பையன். ஊர்ப் பேரைக் கேட்டதும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். அன்று மத்தியானம் வரை அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்து, பிறகு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளிலிருந்து தெருவில் நாலு வீடு அவனிடம் பால் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அவனுக்குப் போன வரும்படி எந்தக் கணக்கில் வரும்?

என் மாமியார் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் ஊரும் அந்தப் பக்கம்தான், செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில். ராத்திரி வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்: "எங்கய்யா ஒரு கோழியக்கூடத் திருடுனதில்ல தாயி. ஆனா பத்து வெரலையும் மையில முக்கி எடுத்துக்கிட்டுப் போனாக. ராவானா கச்சேரிக்குப் போயித்தான் படுக்கணும். கல்யாணம் முடிச்ச ராத்திரியும் அங்கதானாம். எங்காத்தா சொல்லிச் சொல்லி அழுகும்."

கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, போலீஸ் ஸ்டேஷனை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மாமியார் சொன்னது ரேகைச் சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் இதை நான் ஏதோ ஊர்க்கதை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் நூலகத்திலும் பார்த்தபோதுதான் முழு விவரம் புரிந்தது.

அதன் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் முதலில் வடக்கே கொண்டுவந்தார்கள். 1911-ல் அதை மாற்றி எழுதி சென்னை மாகாணத்துக்கும் சேர்த்தார்கள். ஒரு ஜாதியையோ கூட்டத்தையோ குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்துவிட்டால் முடிந்தது. அது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்க முடியாது. அடுத்த சில வருஷங்களில் மதுரையைச் சுற்றியிருந்த பிறமலைக் கள்ளர் ஜனங்கள் மேல் அந்த அறிவிப்பு வந்தது. வயதுக்கு வந்த ஆண்கள் ரேகை பதிய வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெண் எடுத்த ஊரில் சாவு விழுந்தாலும் சீட்டு இல்லாமல் கிளம்பக் கூடாது.

அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் திருட்டே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆடு மாடு திருட்டு இருந்திருக்கிறது. ஊர்களுக்குக் காவல் இருந்து அதற்குக் கூலி வாங்கியவர்களும் இவர்கள்தான். காணாமல் போன மாட்டைத் துப்புத் துலக்கிக் கொண்டுவந்தால் துப்புக்கூலி என்று ஒன்று உண்டு. புதிதாகப் போலீஸ் வந்ததும் அந்தக் காவலையும் கூலியையும் சர்க்கார் குற்றம் என்றது. நேற்று வரை உத்தியோகமாக இருந்தது இன்றைக்குக் குற்றமாகிவிட்டது. சரி, திருடியவனைப் பிடித்து ஜெயிலில் போடட்டும், யார் வேண்டாம் என்றது? திருடாதவனின் விரலை எதற்காக மையில் முக்க வேண்டும்?

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் ஜனங்கள் அதைத்தான் கேட்டார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று கூடி நின்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்துப் போனார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது, வருஷா வருஷம் ஏப்ரல் 3 அன்று மாலை போடுகிறார்கள். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். கேரளத்து மனிதர். ரோசாப்பூ துரை என்று ஜனங்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள், அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்ட குடும்பங்கள் உண்டு. முத்துராமலிங்கத் தேவரும் இந்தச் சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952-ல். பிள்ளைகள் ஜாதிச் சான்றிதழில் சீர்மரபினர் என்று போடுகிறார்களே, அது இந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட ஜனங்கள் என்பதற்கான பெயர்தான். நல்லதும் ஒன்று நடந்தது. இவர்களைத் திருத்துகிறோம் என்று சர்க்கார் கட்டிய கள்ளர் பள்ளிக்கூடங்களில்தான் என் மாமியார் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தார். அந்தப் பள்ளிக்கூடங்கள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் நடக்கின்றன.

இதில் கணக்கு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ராத்திரி ஸ்டேஷனுக்கு வராதது ஒரு குற்றம். சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போனது ஒரு குற்றம். அதற்கெல்லாம் தண்டனை உண்டு, பிடித்து உள்ளே வைப்பார்கள். மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனவனும் அப்படி வழக்கில் சிக்குவான். பிறகு, இந்த ஜாதியில் இத்தனை பேர் தண்டனை பெற்றவர்கள், ஆகையால் இவர்கள் குற்றப் பரம்பரைதான் என்று அந்தக் காகிதத்தையே ஆதாரமாகக் காட்டலாம். சட்டம்தான் குற்றத்தை உண்டாக்கியது, அதே சட்டம் அதை எண்ணியும் காட்டியது. சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேலாகியும், செக்கானூரணி என்றதும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களே, அதை எந்த ஆண்டில் ரத்து செய்வார்களோ!

இன்றைக்கும் எது குற்றம் என்பது இப்படி மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நம் தெருமுனைச் சாராய சமாசாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் கடையில் நேரத்தோடு வாங்கினால் வியாபாரம், சர்க்காருக்கு வருமானம். அதே பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு கடை திறக்குமுன் பக்கத்துச் சந்தில் விற்றால் மதுவிலக்கு வழக்கு. குடித்துவிட்டு வந்து வீட்டில் சட்டி பானையை உடைப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு மாதம் போலீஸ் அந்தச் சந்துகளில் மும்முரமாக இறங்கினால் மதுவிலக்கு வழக்கு மளமளவென்று கூடும். அதைப் பார்த்து ஊரில் குடி கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

இப்போது நான் சொல்லப்போவது இளம் தாய்மார்களுக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். உசிலம்பட்டி என்றால் வெளியூரில் இன்னொரு சமாசாரமும் ஞாபகம் வரும். 1986 ஜூனில் இந்தியா டுடே பத்திரிகை அங்கே பெண் சிசுக்களைக் கொல்வதைப் பற்றி அட்டைப்பட கட்டுரை போட்டது. தேசம் முழுக்கப் பேச்சானது. 1994-ல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' படமும் வந்தது. அதெல்லாம் பொய் என்று நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நடந்தது. வரதட்சிணைக்குப் பயந்து, மாமியார் வாய்க்குப் பயந்து, இரண்டாவதும் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் எருக்கம்பாலையும் நெல்மணியையும் தேடிய வீடுகள் இருந்தன.

ஆனால் இதைப் பாருங்கள். அந்த ஊர்களில்தான் ஒரு காலத்தில் ஒவ்வோர் ஆணின் பத்து விரலும் பதிவேட்டில் இருந்தது. ஒரு ராத்திரி ஒருவன் எங்கே படுத்தான் என்பதுவரை எழுதி வைத்தார்கள். பிறந்து மூன்று நாளில் செத்த பெண் குழந்தையை மட்டும் எந்த ஸ்டேஷனிலும் எழுதவில்லை. பால் ஏறிச் செத்தது, ஜன்னி கண்டு செத்தது என்று ஊரே சொல்லிவிடும். புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்? பெற்றவளே வாயைத் திறக்க முடியாது. கொலை என்ற கட்டத்தில் அந்த ஊர்களுக்கு நேராகப் பூஜ்யம் இருந்திருக்கும்.

இந்தக் கொலை வெளியே தெரிய உதவியது போலீஸ் கணக்கு இல்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து தலை எண்ணுகிறார்களே, அந்தக் கணக்கு. இயற்கையாகவே ஆண் குழந்தை கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கும். ஆயிரம் ஆணுக்கு 950 பெண் என்ற அளவில் இருக்கும். பெண் குழந்தைக்குப் பிழைத்துக்கொள்ளும் வலு கூடுதல் என்பதால் ஆறு வயதுக்குள் அந்த இடைவெளி குறைய வேண்டும், கூடக் கூடாது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1981-ல் 967 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1991-ல் 948. 2001-ல் 942. 2011-ல் 943. கிராமத்துக்கு வரும் நர்ஸ் பிரசவக் குறிப்பேட்டில் எழுதிய பிறப்பையும், அடுத்த வாரம் வந்தபோது இல்லாமல் போன குழந்தையையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்தெந்த ஒன்றியத்தில் இது நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். நர்ஸம்மா தன் வேலைக்காக எழுதிய நோட்டு, ஒரு கொலைக்கு ஒரே சாட்சியாக இருந்திருக்கிறது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கி, பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களுக்கும் வந்தது.

இந்த எண்களையே இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாருங்கள். பெயர் கெட்டது உசிலம்பட்டிக்கு. 2001 கணக்கில் சேலம் மாவட்டம் 851. பஞ்சாப் 798, ஹரியானா 819. வயலும் டிராக்டரும் கோதுமையும் கொழிக்கிற ராஜ்யங்கள்! அங்கே எருக்கம்பால் தேவைப்படவில்லை. ஸ்கேன் இருந்தது, காசு இருந்தது. பிறக்குமுன்னே முடிந்துவிடும் காரியத்துக்கு யாருடைய ஊர்ப் பேரையும் யாரும் வைக்கவில்லை. 1994-ல் அதற்கும் சட்டம் போட்டார்கள். இப்போது எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று பலகை தொங்குகிறதே, அது அந்தச் சட்டத்தால் வந்தது. ஏழை கையால் செய்தது ஊர் மொத்தத்தின் குணமாகிவிட்டது, வசதியுள்ளவர் மெஷின் வைத்துச் செய்தது தனிப்பட்ட விஷயமாகிவிட்டது. இதுவும் ஒரு ரேகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகள் காலேஜில் சேர்ந்த புதிதில், சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்றதற்கு, "அப்ப நீ தப்பிப் பொழைச்சவளாடீ?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்டாளாம். அவள் அப்பா என்னமாய்த் தாங்கி வளர்த்தார் என்பது எனக்குத்தானே தெரியும்.

வீட்டுக்குள் நடப்பது கணக்கில் வராது என்பதற்கு இன்னோர் உதாரணம் நம் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது, மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துப் புதுப் பெண் சாவு என்று அடிக்கடி செய்தி வரும். ஸ்டவ் ஏன் எப்போதும் மருமகள் பக்கத்திலேயே வெடிக்கிறது, மாமியார் காப்பி போடும்போது ஏன் வெடிப்பதில்லை என்று அம்மா முணுமுணுப்பாள். விபத்து என்று எழுதினால் விபத்து. 1983-ல் கணவன் வீட்டார் கொடுமையை 498-ஏ என்று குற்றமாக்கினார்கள். 1986-ல் வரதட்சிணைச் சாவு என்று தனிப் பிரிவு வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்பது நடைமுறையானது. அதன் பிறகுதான் வரதட்சிணைச் சாவு என்று ஒரு கணக்கே உண்டானது. இப்போதும் தேசத்தில் வருஷத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் பதிவாகிறது. அதற்கு முன்னால் செத்தவர்கள் எல்லாம் ஸ்டவ் கணக்கில் இருக்கிறார்கள்.

அடி உதையை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று ஒன்று சில வருஷங்களுக்கு ஒருமுறை நடக்கிறது. குழந்தைக்கு ஊசி போட்டதா, ரத்தசோகை உண்டா என்று கேட்பதோடு, பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, புருஷன் கை நீட்டியது உண்டா என்றும் கேட்பார்கள். வீட்டார் யாராவது எட்டிப் பார்த்தால் அந்தக் கேள்வியை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்களுக்குக் கண்டிப்பான விதி. 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் நூற்றில் 38 பேர் புருஷனிடம் கொடுமை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நூற்றில் 38! அதே கணக்கெடுப்பில், தேசம் முழுக்க எடுத்துக்கொண்டால் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 பேர் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. உதவி கேட்ட அந்தப் பதினாலு பேரும் பெரும்பாலும் அம்மா வீட்டாரிடம் சொன்னவர்கள். போலீஸ் வரை போனவர்கள் மிகக் குறைவு. குற்றக் கணக்கில் ஏறுவது அந்த மிகக் குறைவு மட்டும்தான்.

அதனால்தான் எண்ணிக்கை கூடியது என்றால் உடனே தாழ்ப்பாளைப் பார்க்க ஓட வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்து, தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையங்கள் ஊருக்கு ஊர் வந்தன. பெண் போலீசிடம் சொல்லலாம் என்று தைரியம் வந்தால் புகார் கூடத்தானே செய்யும்? கேரளத்தில் பெண்கள் மீதான வழக்குகள் எப்போதும் கூடுதலாகக் காட்டும். அங்கே பெண்கள் போய்ச் சொல்கிறார்கள், சொன்னதை எழுதுகிறார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். தில்லியில் 1986-ல் ஏற்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷந்தோறும் வெளியிடும் புத்தகத்திலேயே, பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். பேப்பரில் கட்டம் கட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை போலிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரே வழக்கில் நாலு குற்றம் இருந்தால் மிகப் பெரிய ஒன்றைத்தான் எண்ணுவார்கள். ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்றுபோட்டால் அது கொலைக் கணக்கில் போகும், கற்பழிப்புக் கணக்கில் வராது. எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வைத்த விதிதான். என்றாலும் பெண்கள் விஷயத்தில் அது எங்கே போய் இடிக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவு படித்த பிறகு, எங்கள் தெருப் பெண்கள் யாராவது புகார் எழுத வந்தால் நான் சில விஷயங்களைத் தவறாமல் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பறித்தார்கள் என்றால் பறித்தார்கள்தான், காணோம் என்று மாற்றாதீர்கள். அடித்தார் என்றால் குடும்பத் தகராறு என்று எழுதாதீர்கள். தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர், நகையென்றால் பவுனும் அடையாளமும் போடுங்கள். பெரிய குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் லலிதா குமாரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் எல்லை இல்லை என்று சொன்னாலும், அந்த ஸ்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் மதுரை நகரத்துக்குள் இருப்பவர்கள் கமிஷனருக்கும், கிராமத்துப் பக்கம் இருப்பவர்கள் எஸ்.பி.க்கும் தபாலில் அனுப்பலாம். வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு 181-க்கு போன் போடலாம், ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பார்கள். போனில் பேசி பேங்க் பணத்தைச் சுருட்டினால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

நீங்கள் வாயால் சொல்லி அவர்கள் எழுதினால், எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போடுமுன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டியதும் அவர்கள் கடமை. கையில் இருப்பது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா என்று அங்கேயே, வாசலைத் தாண்டுமுன்பே பார்த்துவிடுங்கள்.